பரவல் எண் 1.3: சென்னை மழைக்கால ஃப்ளூவின் கணக்கு

மழை பிடித்துக்கொண்டால் தெருமுனைக் கிளினிக் வாசலில் செருப்பு குவிந்துவிடும். பத்திரிகைகளில் 'மர்மக் காய்ச்சல்' என்று தலைப்பும் வந்துவிடும். அந்தக் கூட்டத்தில் டெங்குவும் இருக்கும், வெறும் சளியும் இருக்கும். ஆனால் வீட்டில் ஒருவர் படுத்து, இரண்டு மூன்று நாளில் அடுத்தவரும் படுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃப்ளூவைத்தான். டெங்குவுக்கு நடுவில் ஒரு கொசு வேண்டும். அத்தனை சீக்கிரம் அது கை மாறாது.

ஃப்ளூ பயங்கர வேகத்தில் பரவும் என்று எல்லோரும் நினைக்கிறோம். கணக்கு வேறு மாதிரி. தட்டம்மை வந்த ஒருவர், தடுப்பாற்றல் இல்லாத கூட்டத்தில், 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார். வழக்கமான பருவகால ஃப்ளூ வந்தவர் சராசரியாகக் கொடுப்பது சுமார் 1.3 பேருக்கு; இதுதான் அதன் பரவல் எண். அவ்வளவுதான். பிறகு ஊரே எப்படி இருமுகிறது? ஒருவருக்கு வந்து அவரிடமிருந்து அடுத்தவருக்கு வர ஏறக்குறைய மூன்றே நாள்தான் ஆகிறது. தட்டம்மைக்கு அதுவே பத்து நாளுக்கு மேல். மூன்று நாளுக்கு ஒரு சுற்று என்றால் மாதத்துக்குப் பத்து சுற்று. பத்து 1.3-களை ஒன்றோடொன்று பெருக்கினால் கிட்டத்தட்ட 14. நூறு பேரில் தொடங்கினால், பத்தாவது சுற்றில் மட்டும் புதிதாக விழுபவர்கள் 1,400 பேர்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் சுவாரசியம். 1.3-ஐ 1.1 ஆக்கினால் பத்தாவது சுற்றில் அந்த 1,400 வெறும் 260 ஆகிறது. பரவல் எண் 1-க்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால், ஒரு சன்னலைத் திறப்பது, ஒரு குழந்தையை இரண்டு நாள் வீட்டில் வைத்துக்கொள்வது மாதிரிச் சில்லறைக் காரியங்களுக்கும் இங்கே மதிப்பு உண்டு. தட்டம்மையிடம் இந்த வேலை பலிக்காது.

சிக்கல் என்னவென்றால், காய்ச்சல் அடிப்பதற்கு முந்தைய நாளே வைரஸ் வெளியே வரத் தொடங்கிவிடும். உடம்பு வலி, நடுக்கம் என்று படுக்கும் முதல் மூன்று நாள்தான் உச்சம். பெரியவர்களிடம் ஐந்து முதல் ஏழு நாளில் அடங்கும். சின்னப் பிள்ளைகளிடம் இன்னும் நீளும். அதனால் ஐந்தாம் நாள் இருமல் கேட்டு மாஸ்க் மாட்டிவிடுவது ரயில் போனபின் கேட் போடுவது மாதிரி. வீட்டில் ஒருவர் படுத்த உடனே, நன்றாக இருக்கிற மற்றவர்களும் நாலு நாளைக்குப் பாட்டியின் அறையில் மாஸ்க்கோடு நுழைவதில்தான் பலன்.

பரவுவது பெரும்பாலும் மூச்சு, பேச்சு, இருமலில் வரும் துளிகளால். பெரிய துளி ஒன்றிரண்டு மீட்டரில் விழுந்துவிடும். நுண்ணிய துளி மூடிய அறையில் மிதந்துகொண்டிருக்கும். இங்கேதான் ஸ்ப்ளிட் ஏசி காலை வாரும். அது வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர்வித்துத் திரும்பத் தருகிறது. டியூஷன் அறையில் பதினைந்து பிள்ளைகள், கதவு சாத்தி, ஏசி 24-இல் ஓடினால், ஒரு பிள்ளை விட்ட மூச்சைத்தான் மற்றப் பிள்ளைகளும் இழுக்கிறார்கள். மழைச் சாரலுக்கு ஷட்டரை இறக்கிய மாநகரப் பேருந்தும் அப்படியே. பக்கம் திறந்த ஷேர் ஆட்டோ, நெரிசலாக இருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் தேவலாம். அறையில் ஏசி ஓடினாலும் சன்னலை நாலு விரல் திறந்து வையுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் போடுங்கள். கரண்ட் பில் கொஞ்சம் ஏறும்தான்.

கைப்பிடிக் கம்பி, ரிமோட் போன்ற வழுவழுப்பான பரப்புகளில் வைரஸ் ஒன்றிரண்டு நாள் தாங்கும்; கைத் தோலில் சில நிமிடங்களே. ஆனால் மூக்கைத் தேய்க்க அந்தச் சில நிமிடம் போதும். சோப்பு போதுமானது. வீடு முழுக்க டெட்டால் தெளிப்பது மன நிம்மதிக்கு.

பள்ளிகளில் அடிக்கடி நடக்கும் தப்பு பாராசிட்டமால். காலை ஏழு மணிக்கு ஒரு டோஸ் கொடுத்து, சூடு இறங்கியதும் யூனிஃபார்ம் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். மருந்து நாலிலிருந்து ஆறு மணி நேரம் நிற்கும். மதியச் சாப்பாட்டு மணியடிக்கும்போது காய்ச்சல் திரும்பும். அதற்குள் பிள்ளை பாதி நாள் வகுப்பில் உட்கார்ந்தாகிவிட்டது. மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால் மட்டும் அனுப்புங்கள்.

முதியவர், கர்ப்பிணி, சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர் என்றால் 'மூன்று நாள் பார்ப்போம்' என்று இருக்க வேண்டாம். ஃப்ளூ வைரஸுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை, உடம்புக்கு முடியாமல் போன 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதிகம் உதவும். டாக்டர் சொல்லாமல் கடையில் பாக்டீரியாவுக்கான அசித்ரோமைசின் வாங்கிப் போடுவது வைரஸை ஒன்றும் செய்யாது.

கடைசியாக ஃப்ளூ தடுப்பூசி. ஸ்ரீநகரில் ஃப்ளூ ஜனவரி முதல் மார்ச் வரை உச்சம், டெல்லியில் ஜூலை முதல் செப்டம்பர், சென்னையில் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பர். டெல்லி மாமா சொன்ன மாதத்தை இங்கே பின்பற்றாதீர்கள். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். ஆகவே செப்டம்பரில் போட்டுவிடுவது நல்லது. ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முதல் முறை என்றால் நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ், அப்போது ஆகஸ்டிலேயே தொடங்க வேண்டும். தடுப்பூசியின் கலவை ஆண்டுதோறும் மாறக்கூடியது, பெட்டியில் எந்தப் பருவத்துக்கானது என்று பாருங்கள். மெடிக்கலில் வாங்கி டாக்டரிடம் கொண்டுபோவதானால் ஐஸ் பேக்கில்தான் எடுத்துப்போக வேண்டும், ஆனால் ஊசி ஐஸை நேராகத் தொடாமல் துணி சுற்றி. 2 முதல் 8 டிகிரி அதற்கு வேண்டும். உறைந்துபோனால் தூக்கி எறிய வேண்டியதுதான்.