மொட்டையடித்தால்தான் பூக்கும்: எங்கள் வீட்டுக் குண்டுமல்லிக்குப் பனிக்காலக் கவாத்து

காரைக்குடி வெயிலைக் குண்டுமல்லி தானே சமாளித்துக்கொள்ளும், நாம் மெனக்கெட வேண்டியது பனிக்காலத்தில்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் இலையும் கொடியுமாகத் தழைத்து நிற்கும், அரும்பைத் தேடினாலும் கிடைக்காது. பனிக்கு எல்லாத் தோட்டத்திலும் இதே கதைதான், அதனால்தான் மார்கழியில் முழம் விலை கேட்டால் தலை சுற்றுகிறது.

நவம்பர் கடைசி வாரம் கவாத்து செய்யச் சொல்கிறது, அதாவது கிளைகளை வெட்டிவிடச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். எங்கள் பக்கம் அப்போது மழை முழுசாக விட்டிருக்காது, ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாய் அழுகும் என்று வானம் வெளுக்கும்வரை பொறுத்திருந்து, அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் செடியைக் காயப்போட்டேன். அப்புறம் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு மொத்தத்தையும் வெட்டினேன். காய்ந்த குச்சி, உள்பக்கம் ஒன்றோடொன்று உரசும் கிளை எல்லாம் அடியோடு போயின. மிச்சமிருந்த இலைகளையும் கையாலேயே உருவிவிட்டேன். பக்கத்து வீட்டு ஆச்சி கொல்லைச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஏன் ஆத்தா, நல்லா இருக்கிற செடிய இப்பிடியா மொட்டையடிக்கிறது?" என்றார். பூ வருவது புதுத் துளிரில்தான் ஆச்சி, பழைய குச்சியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? வெட்டிய இடங்களில் காப்பர் ஆக்சிகுளோரைடைக் குழைத்துத் தடவினேன், பூஞ்சை ஏறாமலிருக்க.

நம்ம மண் செம்மண் சரளை, தண்ணீரும் நிற்காது, சத்தும் நிற்காது. அதனால் தூரைச் சுற்றிக் கொத்திவிட்டு, செடிக்கு 10 கிலோ மக்கிய தொழுஉரமும் கூடவே கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கும் போட்டு மண் அணைத்த பிறகுதான் தண்ணீரே காட்டினேன். மக்காத சாணியைப் போட்டால் கரையானுக்கு விருந்துதான்.

சரி, துளிர் வந்ததா என்றால், வந்தது. கணுவுக்குக் கணு செம்பு நிறத்தில் ஊசி முனை மாதிரி. ஆனால் கொஞ்சம் விரிந்ததும் நரம்பு மட்டும் பச்சையாக, மீதி இலை மஞ்சளாகிவிட்டது. இரும்புச்சத்துக் குறைவு. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்து, வெயில் தாழ்ந்ததும் தெளித்தேன், அடுத்து வந்த இலைகள் பச்சையாகவே வந்தன. மாசி கடைசியில் அரும்பு கட்டியது.

முல்லையும் வைத்திருப்பவர்கள் அதையும் சேர்த்து வெட்டிவிடாதீர்கள். அதற்கு ஜனவரி கடைசி வாரம், 45 செ.மீ. உயரம்.