சிமெண்ட் தூள் கலந்த பிறகு

"தோற்கிற வரைக்கும் சோதனையை மாத்திட்டே இருந்தீங்க சார்." செயற்கை இடுப்பு மூட்டின் பந்துக்குப் பூச்சு போடும் திட்டத்தை நிறுத்தலாம் என்று நான் அறிக்கை கொடுத்த அன்று, கூட வேலை பார்த்த இளம் பொறியாளர் சொன்னது. கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். வருத்தமாகச் சொன்னார்.

டைட்டேனியம் கலவைப் பந்து, மேலே சில மைக்ரான் டைட்டேனியம் நைட்ரைடு என்ற கடினமான பொன்னிறப் பூச்சு. இடுப்பு மூட்டுத் தேய்மானச் சோதனைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 14242 கேட்டதையெல்லாம் அது தாங்கியது: மூட்டுத் திரவத்துக்குப் பதிலாக 37 டிகிரியில் கன்றின் இரத்தச் சீரம், உச்சத்தில் 3,000 நியூட்டன் சுமை, 50 லட்சம் சுற்று. பொன் நிறம் மங்கவே இல்லை. அதற்கப்புறம்தான் சீரத்தில், செயற்கை மூட்டை எலும்போடு பிடித்து வைக்கும் எலும்பு சிமெண்டின் தூளைக் கலக்கச் சொன்னேன்.

நுண்ணோக்கியில் பார்த்தோம். சுமை தாங்கும் இடத்தில் ஒரு கீறல். அதன் ஓரமாகப் பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்து, அடியில் சாம்பல் நிற உலோகம்.

நான் வேண்டுமென்று தோற்கடிக்கவில்லை. எக்ஸ்ரேயில் தெரிவதற்காக சிமெண்டில் சிர்கோனியாவோ பேரியம் சல்பேட்டோ சேர்க்கிறார்கள். அந்தத் துகள் மூட்டுக்குள் போய் மாட்டுவது உண்மையிலேயே நடக்கிறது. பூச்சு எவ்வளவு கடினமானாலும் அடியில் இருப்பது மென்மையான உலோகம். மெத்தை மேல் வைத்த அப்பளம்தான். பெயர்ந்த செதிலே அடுத்து அரைக்கும் தூளாகிவிடும். சிர்கோனியம் கலவையைக் காற்றில் சுமார் 500 டிகிரிக்குச் சூடாக்கினால் மேற்பரப்பே பீங்கானாக மாறுகிறது. வழி என்றால் அதுதான் வழி என்றேன்.

"அது என்ன விலை சார்?" என்றார். அப்புறம், "பூச்சில்லாத கோபால்ட் குரோம் கலவைப் பந்தும் இதே தூளில் கீறும்தானே? அதையும் ஓட்டிப் பார்த்தோமா?"

ஓட்டவில்லை. இயந்திரம் வேறு வேலைக்குப் போயிருந்தது. கீறுவது வேறு, உரிவது வேறு என்று சொன்னேன். இன்றும் அதை நம்புகிறேன். ஆனாலும் முழுப் பீங்கான் பந்து வாங்க வசதியில்லாத, நிக்கல் ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு நான் விட்டுவைத்தது சிறிது நிக்கலும் இருக்கும் அந்தக் கோபால்ட் குரோமைத்தான்.

இப்போது அந்தப் பந்தையும் ஓட்டிப் பார்க்க, மூட்டு அசைவைப் போலச் செய்யும் அந்தச் சோதனை இயந்திரத்தில், சிமுலேட்டரில், இடம் கேட்டு எழுதியிருக்கிறேன். எந்த முடிவு வந்தாலும் என் பரிந்துரை மாறும் என்று தோன்றவில்லை. அப்படியென்றால் இந்தச் சோதனை எதற்கு என்றும் அவர் கேட்பார்.