பழைய பிக்கப்பில் லைட் சுவிட்சும் வைப்பர் சுவிட்சும் எந்தக் கைக்கு?

எங்கள் தோட்டத்துப் பிக்கப் 1990களில் வாங்கிய டீசல் வண்டி. பொள்ளாச்சிக்குத் தேங்காய் ஏற்றிச் செல்வதுடன், மாதம் இரண்டு முறையாவது ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கும். சென்ற ஆடியில் அதன் ஒயரிங் முழுவதையும் மாற்ற வேண்டி வந்தபோது, எந்தச் சுவிட்சை எங்கே வைப்பது என்று பல நாள் யோசித்தேன்.

வண்டி வந்தபோது இருந்த அமைப்பு இதுதான். ஹெட்லைட்டுக்கு டேஷ்போர்டில் ஓர் இழுப்புச் சுவிட்ச். முதல் இழுப்பில் பார்க் லைட், இரண்டாம் இழுப்பில் ஹெட்லைட். டிம்-பிரைட் மாற்றுவதற்குக் கிளட்ச் பெடலுக்கு இடப்புறம் தரையில் ஒரு கால் சுவிட்ச். வைப்பர் மோட்டார் முன்கண்ணாடிச் சட்டத்தின் மேலேயே இருந்ததால், அதைப் போடுவதற்குக் கையைத் தூக்கி மோட்டாரிலுள்ள சிறிய நெம்பைத் தள்ள வேண்டும்.

உடுமலை சாலை போன்ற சமதளத்தில் அந்தக் கால் சுவிட்சைப் போல வசதியானது வேறில்லை. இடது கால் சும்மா இருக்கும். எதிரே வண்டி வந்தால் ஒரு மிதி, கடந்ததும் இன்னொரு மிதி, கை ஸ்டியரிங்கை விட்டு நகரவே வேண்டியதில்லை. மலையில் நிலைமை வேறு. ஒவ்வொரு வளைவிலும் கியரைக் குறைக்கக் கிளட்சை மிதிக்கிறோம். மேலிருந்து இறங்கும் பேருந்து வளைவில் முகம் காட்டுவதும் சரியாக அந்த நேரத்தில்தான். கால் கிளட்சில் இருப்பதால் டிம் செய்ய முடிவதில்லை; எதிர் ஓட்டுநரின் கண்ணில் நம் பிரைட் முழுவதும் இறங்குகிறது. போதாக்குறைக்குத் தோட்டத்துச் சேறும் தண்ணீரும் பட்டு அந்தச் சுவிட்ச் துருப்பிடித்து, மிதித்தால் மாறாமல் நின்றுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு இதற்கு மாற்றாக, லைட்டுக்கு ஒன்றும் வைப்பருக்கு ஒன்றுமாக ஒரே மாதிரியான இரண்டு டாகிள் சுவிட்சுகளை டேஷ்போர்டின் கீழே அடுத்தடுத்துப் பொருத்தச் சொன்னேன். பார்வைக்கு நேர்த்தியாகத்தான் இருந்தது. ஒரு மழை இரவில் ஒன்பதாவது வளைவைத் தாண்டியபோது, தூறல் நின்றதால் வைப்பரை நிறுத்துவதாக எண்ணி ஹெட்லைட்டை அணைத்துவிட்டேன். திரும்பப் போடுவதற்கு இரண்டு நொடிதான் ஆகியிருக்கும். அதற்குள் சாலையோரத் தடுப்புச்சுவர் எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் போயிற்று. "ஏனுங்ண்ணா, ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா இருட்டுல கைக்கு எப்படிங்க தெரியும்?" என்று இப்போதைய எலக்ட்ரீஷியன் கேட்டது முற்றிலும் நியாயம். பார்க்காமல் தொடும் சுவிட்சுகளுக்கு உருவமும் இயக்கமும் வேறுபட்டே ஆக வேண்டும்.

ஆகவே ஸ்டியரிங் தண்டில் பொருத்தும், லைட்டுக்கும் வைப்பருக்கும் இருபுறமும் நெம்பு நீட்டிய காம்பினேஷன் சுவிட்சைத் தேர்ந்தேன். அதிலும் இரண்டு வகை உண்டு. ஐரோப்பிய முறையில் லைட்டும் இண்டிகேட்டரும் இடப்புறம், வைப்பர் வலப்புறம்; வலப்பக்கம் அமர்ந்து ஓட்டும் ஜப்பானிய வண்டிகளில் அது தலைகீழ். நம் இடது கை வளைவில் கியரில் இருக்கும், வலது கை ஸ்டியரிங்கை விடாது. எதிர் வண்டிக்கு டிம் செய்வது ஒரு கணமும் பொறுக்காத வேலை என்பதால், அது வலது கை விரலுக்கு எட்ட வேண்டும். வைப்பரை ஒருமுறை போட்டுவிட்டால் தானாக ஓடும். கியரை விட்டுத் திரும்பும் இடது கை அதைப் பார்த்துக்கொள்ளலாம். எனவே ஜப்பானிய முறையே என் முடிவு. ஹெட்லைட்டைப் போடவும் அணைக்கவும் மட்டும் பழைய இழுப்புச் சுவிட்சையே மீண்டும் பொருத்திக்கொண்டேன். இரவுக்கு இரண்டு முறை தொடும் பொருள், தவறிப்போய் கை பட்டாலும் தானாக அணையாது.

இப்படி மாற்றுபவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். 60/55 வாட் (பிரைட்டில் 60, டிம்மில் 55) பல்புகள் இரண்டு பிரைட்டில் எரிய 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் வேண்டும். அத்தனையும் மெல்லிய காம்பினேஷன் சுவிட்சின் வழியாகப் போனால் அதன் தொடுமுனைகள் கருகிவிடும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் மின் சுவிட்ச்) வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராக மின்சாரம் கொடுத்தால், சுவிட்சுக்கு ரிலேயை இழுக்கும் சிறு அளவு மட்டுமே வரும். பல்பின் வெளிச்சமும் கூடும். வைப்பருக்குப் பார்க்கிங் ஒயரை விடாமல் இணைக்க வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் பிளேடு கீழே வந்து சேரும்வரை மோட்டாருக்கு மின்சாரம் தருவது அந்த ஒயர்தான். அது இல்லையென்றால் பிளேடு கண்ணாடியின் நடுவில், கண்ணுக்கு நேராக நின்றுவிடும்.

சுவிட்சின் துளை எங்கள் ஸ்டியரிங் தண்டைவிடப் பெரிதாக இருந்தது. கோவையில் ஒரு லேத் பட்டறையில் அளவு கொடுத்து அலுமினிய வளையம் ஒன்று கடைந்து வாங்கி, இடையில் செருகி இறுக்கினோம். இரண்டு முறை வால்பாறை போய் வந்தும் ஆடவில்லை. தரையில் கால் சுவிட்ச் இருந்த ஓட்டையை ரப்பர் மூடியால் அடைத்தாயிற்று. என் தந்தையார் ஓட்டும்போது அவருடைய இடது கால் இன்னும் அந்த மூடியைத்தான் மிதிக்கிறது.