புயல் பருவத்துக்காகக் கிரெனடாவில் படகைக் கரையேற்றி வைத்த அனுபவம்

அட்லாண்டிக் பெருங்கடலின் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. செப்டம்பர் 10-ஐ ஒட்டிய நாட்களே அதன் உச்சம். அந்த மாதங்களில் நானும் என் கணவரும் வேலைக்காக லண்டன் திரும்ப வேண்டியிருந்ததால், எங்களுடைய 38 அடி நீளக் கண்ணாடியிழைப் பாய்மரப் படகைக் கரீபியனிலேயே ஓரிடத்தில் கரையேற்றி வைப்பதென்று முடிவு செய்தோம். படகு வைத்திருக்கும் அல்லது வாங்க எண்ணும் தமிழர்களுக்குப் பயன்படலாம் என்பதால், செய்தவற்றையும் அவற்றின் காரணங்களையும் எழுதுகிறேன்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது இடம். காப்பீட்டு நிறுவனங்கள் பல, பருவ காலத்தில் படகு ஒரு குறிப்பிட்ட அட்சரேகைக்குத் தெற்கே இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கின்றன. இல்லையெனில் வானிலை மையம் பெயரிட்ட புயலால் வரும் சேதத்துக்கு இழப்பீடு கிடையாது. ஏறத்தாழ 12 பாகை வடக்கில் இருக்கும் தீவு நாடான கிரெனடாவும், அதற்கும் தெற்கே 10 பாகை சொச்சத்தில் இருக்கும் டிரினிடாடின் சாகுவாரமஸும் அதனால்தான் படகுகளால் நிரம்பி வழிகின்றன. கிரெனடாவுக்குப் புயல் வராது என்ற பேச்சை நம்புவதற்கில்லை. 1955-இல் ஜேனட் வந்தது. 2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் தீவின் வீடுகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தைச் சேதப்படுத்தியது. மறு ஆண்டே எமிலி வந்தது. 2024 ஜூலை 1 அன்று பெரில் நான்காம் வகைப் புயலாக, கிரெனடாவைச் சேர்ந்த கேரியகூத் தீவின் மீதே கரையைக் கடந்தது. அப்போது அங்குள்ள அலையாத்திக் காட்டுக்குள் அடைக்கலம் புகுந்த படகுகளும் தப்பவில்லை. தெற்கே போவது ஆபத்தைக் குறைக்குமே தவிர நீக்காது. எங்கள் பாலிசி கிரெனடாவை ஏற்றுக்கொண்டது, லண்டனுக்கு நேரடி விமானம் இருந்தது, தரையில் கட்டிவைக்கும் வசதியுள்ள ஒரு படகுத்துறை தென்கரையில் கிடைத்தது. கடைசிக் காரணம் இல்லையென்றால் நாங்கள் டிரினிடாடுக்கே போயிருப்போம்.

கரையில் நிற்கும் படகுகள் எப்படி விழுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் மற்ற ஏற்பாடுகள் தாமாகவே விளங்கும். படகின் எடை முழுவதும் அடியிலுள்ள ஏராவின் (கீல்) வழியாக மரக்கட்டைகளின் மேல் இறங்குகிறது. பக்கவாட்டில் சாய்ந்த இரும்பு முட்டுகள் அதை நிமிர்த்திப் பிடிப்பதற்கு மட்டுமே. காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதன் விசை நான்கு மடங்காகிறது. அந்த விசையில் பாய்மரம் அதிரத் தொடங்கினால் படகின் உடலும் சேர்ந்து நடுங்கும், முட்டுகள் சிறிது சிறிதாக இடம் பெயரும். அதற்குள் மழை தரையைச் சேறாக்கியிருந்தால் முட்டின் கால் மண்ணுக்குள் புதையும். ஒரு படகு சாய்ந்தால் அடுத்ததன் மேல் விழும். ஐவனின்போது கிரெனடாவின் படகுத்துறைகளில் இதுதான் நடந்தது. அண்டைப் படகுக்கும் நமக்கும் இடையே எவ்வளவு வெளி இருக்கிறது, அந்தப் படகின் பாய்மரம் நிற்கிறதா, அதில் சுருட்டி வைக்கும் பாய் கழற்றப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் ஆகவே நம்முடைய கவலைகளும்தான். நாங்கள் இடத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்பு இரண்டு பக்கமும் நடந்து பார்த்தோம்.

தூக்கும் நாளில், படகைப் பட்டைகளில் ஏந்தித் தூக்கிச் செல்லும் டிராவலிஃப்ட் இயந்திரத்தின் பட்டைகள், படகை உந்தும் சுழலியின் தண்டின் மீதோ சுக்கானின் மீதோ படாமலிருக்க, அவை எங்கே வர வேண்டும் என்பதைப் படகின் விளிம்பில் நாடா ஒட்டிக் குறித்திருந்தோம். படகு இறங்கிய இடம் கெட்டிக்கப்பட்ட சரளைத் தரை. ஒவ்வொரு முட்டின் காலடியிலும் தடித்த பிளைவுட் பலகை வைத்து, எதிரெதிர் முட்டுகளை ஏராவுக்கு அடியாகச் சங்கிலியால் பிணைக்கச் சொன்னோம். சங்கிலி இல்லாத முட்டு வெளிப்பக்கம் நழுவத் தயாராக இருக்கும் முட்டு. பிறகு, தரையில் புதைக்கப்பட்ட கான்கிரீட் கட்டைகளிலுள்ள வளையங்களிலிருந்து படகின் மேல்தளக் கட்டுக்கொம்புகளுக்குப் பட்டைகள் போட்டு இறுக்கினார்கள். இவை பாலியஸ்டர் பட்டைகளாக இருக்க வேண்டும். நைலான் நனைந்தால் நீளும், நீண்டால் படகு அசைய இடம் கிடைத்துவிடும். பட்டை விளிம்பில் உரசும் இடங்களில் பழைய தீயணைப்புக் குழாயை வெட்டி உறையாகப் போட்டோம்.

பாய்மரத்தை இறக்குவதா என்பதில் எங்களுக்குள் நீண்ட விவாதம். கிரேன் செலவு கணிசமானது, மறுபடி நிறுத்தும்போதும் அதே செலவு உண்டு. இருந்தாலும் இறக்கினோம். மேலே சொன்ன அதிர்வுக்கான மூலகாரணமே அதனுடன் போய்விடுகிறது என்பதோடு, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் முனைகளைத் தரையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதிக்கவும் வாய்ப்புக் கிடைக்கிறது. கம்பிகள் ஒவ்வொன்றுக்கும் பெயர்ச் சீட்டுக் கட்டி, அவற்றை இறுக்கும் முறுக்கிகளின் அளவைக் குறித்து, மின்கம்பி இணைப்புகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டோம். காற்றுக்குப் பிடி கொடுக்கும் மற்றவை எல்லாம், அதாவது பாய்கள், நிழல் துணி, சூரியத் தகடுகள், காற்றாலையின் இறக்கைகள், காற்றிறக்கி மடித்த ரப்பர் படகு ஆகியவை உள்ளே போயின. தார்ப்பாய் போட்டு மூடிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். புயலில் கிழிந்து படபடக்கும் தார்ப்பாயைவிட மூடாமல் விட்ட படகே நல்லது என்பது என் கருத்து.

புயல் வராமலும் போகலாம். மழையும் ஈரமும் வந்தே தீரும். படகோட்டி அமரும் குழியின் வடிகால்கள் இலையாலோ குளவிக்கூட்டாலோ அடைபட்டால் மழைநீர் நிறைந்து உள்ளே இறங்கும், பின்பக்கம் கனக்கும். ஜாக் ஸ்பானியர்ட் என்று அங்கே அழைக்கப்படும் குளவிகளும் மண்கூடு கட்டும் குளவிகளும் திறந்த துளை எதையும் விட்டுவைப்பதில்லை. அதனால் எல்லாக் குழாய் வாய்களிலும் சிறு வலை கட்டினோம். வேகமானியின் உணரியைக் கழற்றி, அந்தத் துளை வழியாக அடித்தளத்து நீர் தானாக வெளியேற விட்டோம். எஞ்சினை நன்னீரால் அலசி, எண்ணெயை மாற்றினோம். பழைய எண்ணெயிலுள்ள அமிலம் மாதக்கணக்கில் உலோகத்தை அரிக்கும். டீசல் தொட்டியின் மேற்பகுதியில் ஈரம் கோக்காமலிருக்க அதை நிரப்பிக் கிருமித்தடுப்பு மருந்தும் ஊற்றினோம். பூஞ்சைக்கு எதிராக உட்சுவர்களை வினிகரால் துடைத்து, மெத்தைகளை நிமிர்த்தி, குளிர்பெட்டியின் கதவைத் திறந்து கட்டி, ஈரநீக்கி இயந்திரத்தின் குழாயைக் கழுவுதொட்டிக்குள் விட்டோம். மின்சாரம் தடைபட்டால் ஈரநீக்கி நின்றுவிடும் என்பதால், மாதம் ஒருமுறை படகைத் திறந்து பார்த்துப் படம் அனுப்ப உள்ளூர்க்காரர் ஒருவரை ஏற்பாடு செய்தோம். பட்டைகளை இறுக்கிப் பார்ப்பதும் அவர் வேலை.

சுங்கம், குடியேற்றம் ஆகியவற்றில் சிக்கலில்லை. படகில் வந்தவர்கள் விமானத்தில் வெளியேறுகிறார்கள் என்பதை முன்கூட்டித் தெரிவித்து, படகுத்துறையின் கடிதத்தை இணைத்தால் போதுமானதாக இருந்தது. காப்பீட்டுக்கென்று முட்டுகள், சங்கிலிகள், பட்டைகள் ஒவ்வொன்றையும் தேதியுடன் படமெடுத்து அனுப்பிவிட்டே கிளம்பினோம்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, ஆப்பிரிக்கக் கரையை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு வெப்பமண்டல அலையையும் (புயலாக வளரக்கூடிய காற்றுச் சலனம்) மயாமியிலுள்ள தேசியச் சூறாவளி மையத்தின் ஏழு நாள் வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருப்பது தவிர்க்க முடியாத பழக்கமாகிவிட்டது. அதனால் படகுக்கு எந்தப் பயனும் இல்லை. லண்டனில் இருந்துகொண்டு முட்டு ஒன்றைக்கூட இறுக்க முடியாது. அந்தப் பருவத்தில் எங்கள் துறைக்குப் புயல் எதுவும் நெருங்கவில்லை.

டிசம்பரில் திரும்பியதும் வலைகளை எடுத்து, உணரியைப் பொருத்தி, கடல்நீர் வால்வுகளைத் திறந்து மூடிப் பார்த்து, குழாய்ப் பிடிப்புகளைக் கையால் அசைத்துச் சோதித்த பிறகே அடிப்பக்கத்துக்குப் பாசித்தடுப்புச் சாயம் பூசினோம். நீரில் இறக்கியதும் டிராவலிஃப்ட் பட்டைகளை அவிழ்க்க விடாமல், ஒருவர் உள்ளே இறங்கி ஒவ்வொரு துளையிலும் நீர் கசிகிறதா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும். சுழலித் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் உறையை அழுத்தி, அடைபட்ட காற்றை வெளியேற்றுவதும் அப்போதே. பாய்மரம் மறுநாள் நிறுத்தப்பட்டது. கம்பிகளைக் குறித்து வைத்த அளவுக்கு முறுக்கி, சில நாள் பாய் விரித்து ஓட்டிய பின் மீண்டும் ஒருமுறை சரிசெய்துகொண்டோம்.