பாண்டி நம்பர் கார்

ஜூன் 12

கானாடுகாத்தானில் ஒரு கார் பார்த்துவிட்டு வந்தேன். 2016 ஸ்விஃப்ட், டீசல். பெரிய வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. பின் சீட்டில் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கிழியவில்லை. எல்லாம் சரி, நம்பர்தான் பி.ஒய். 01.

புரோக்கர் போனில் ஆப்பைத் திறந்து, வரி என்ற இடத்தில் ‘எல்.டி.டி.’ என்று இருப்பதைக் காட்டினார். “லைஃப் டாக்ஸ் கட்டுன வண்டிண்ணே, பேரை மாத்துனா சோலி முடிஞ்சது.” கட்டியது யாருக்கு? புதுச்சேரிக்கு. அங்கே வரி குறைவு என்றுதானே பாண்டி விலாசம் பிடித்துப் பதிவு செய்தார்கள்! அப்போது தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்குள் உள்ள காருக்கு 10 சதவீதம் ஆயுள் வரி. 2023 நவம்பரில் அதையும் கூட்டிவிட்டார்கள். வெளி மாநில வண்டி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே நின்றால் இங்கத்து எண் வாங்க வேண்டும், வரியும் இங்கே கட்ட வேண்டும்.

ஜூன் 15

ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தேன். வீட்டுக்காரச் செட்டியார் பெயரில் இருக்கிறது. அவர் காலமாகி இரண்டு வருஷம். விற்பது அவர் மனைவி, ஆச்சி. பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் விற்பவர் கையெழுத்தை யார் போடுவது?

புரோக்கரிடம் அதற்கும் வழி இருக்கிறது. “ஆர்.சி.யில இருக்கிற கையெழுத்தைப் பாத்து நாமளே போட்டுருவோம்ணே.” எனக்கு டீ புரை ஏறிவிட்டது. இப்படி வாங்கி, பெயர் மாற்றாமலே கைமாறி ஓடும் வண்டிகள் இந்தப் பக்கம் ஏராளம். விபத்து என்று வந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்த உரிமையாளர் போட்டோவில் மாலையோடு இருக்கிறார்.

ஜூன் 22

புரோக்கரை விட்டுவிட்டு நேரே ஆச்சியிடம் போனேன். முதலில் வாரிசு சான்றிதழ், பிறகு பாண்டியில் ஆட்சேபனை இல்லை என்ற என்.ஓ.சி., 31-ஆம் படிவத்தில் ஆச்சி பெயருக்கு மாற்றம், அதன் பிறகுதான் எனக்கு என்று வரிசையாகச் சொன்னேன். “எம் பேருலயா? எனக்குக் கார் ஓட்டத் தெரியாதேப்பா” என்றார். ஓட்ட வேண்டாம் ஆச்சி, கையெழுத்துப் போட்டால் போதும்.

விலையையும் பேசிவிட்டேன். இங்கே கட்டும் வரியைப் பேசிய தொகையில் கழித்துக்கொள்வது, அட்வான்ஸ் பத்தாயிரம், மீதி ஆர்.சி. என் பெயருக்கு வந்த பிறகு. கோலாலம்பூரிலிருக்கும் மகன் போனில் கொஞ்சம் முனகினார். ஆச்சி ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டார்.

ஜூலை 19

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் வண்டி எடுக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. எடுக்க வண்டி ஏது? வாரிசு சான்றிதழ் மட்டும் வந்திருக்கிறது. மகனின் சம்மதக் கடிதத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அட்டெஸ்ட் செய்து அனுப்ப வேண்டும்.

வரி கணக்குப் போட பழைய இன்வாய்ஸ் தேவைப்பட்டது. ஆச்சி ட்ரங்குப் பெட்டியைத் திறந்தார். காருக்கு முதன்முதல் போட்ட டீசல் பில்கூட இருந்தது. “அவுக எந்தத் தாளையும் தூக்கிப் போட மாட்டாக.”

செப்டம்பர் 3

என்.ஓ.சி. வந்தது, 28-ஆம் படிவம். மெக்கானிக் வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸ் எண்ணின் மேல் பென்சிலைத் தேய்த்து, டேப்பை ஒட்டி உரித்தார். எண் அப்படியே டேப்பில் வந்தது. அதைத் தாளில் ஒட்டி ஆர்.சி.யோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டோம். ஒரு பூஜ்யத்தை அவர் ‘ஓ’ என்றார். கண்ணாடி போட்டுப் பார்த்த பிறகு ஒத்துக்கொண்டார்.

அக்டோபர் 8

ஆச்சி பெயரில் டி.என். 63 எண் வந்துவிட்டது. வண்டி பழசு என்பதால் வரி நான் பயந்த அளவுக்கு இல்லை. மகனுக்கும் ரசீதை அனுப்பினேன். 29, 30-இல் ஆச்சி கையெழுத்துப் போட்டார், தமிழில், நிறுத்தி நிதானமாக. இன்ஷூரன்ஸையும் பதினான்கு நாளுக்குள் என் பெயருக்கு மாற்ற வேண்டும். நாளைக் காலை முதல் வேலை அதுதான்.