இரண்டு அதிகம்

அக்டோபர் 27

நீதிமன்றத்தில் கடல் அட்டை மூட்டையைப் பிரித்தார்கள். பறிமுதலின்போது எழுதிய மகஜரில் 212. மேசையில் 214.

அக்டோபர் 28

குறைந்திருந்தால் யாருக்கும் வியப்பு வந்திருக்காது. சொத்து அறையில் வைத்த நெல்லை எலி தின்றுவிடும், சாராயம் ஆவியாகிவிடும் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கூடிப்போன சான்றுப் பொருளை இந்தத் தொழிலில் இதுவரை பார்த்ததில்லை. அவித்து, மணலில் புதைத்து, தோல் உரசி, வெயிலில் காயவைத்த கடல் அட்டை எப்படிக் கூடும்?

எண்ணியது சரியா என்று கேட்பார்கள். சரிதான். பெஞ்ச் கிளார்க் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பத்துப் பத்தாக அடுக்கினார். அறுபதைத் தாண்டியபோது ஒரு ஜீவனாம்ச வழக்கைக் கூப்பிட்டார்கள், கணக்கு விட்டுப்போயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து. நூற்று நாற்பதில் நாற்றம் தாங்காமல், வராந்தாவில் வைத்து எண்ணும்படி நீதிபதி உத்தரவிட்டார். அங்கே வாய்தாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து உரக்க எண்ணினார்கள். "ஐயா, இப்போது 168, நீங்கள் 167 என்கிறீர்கள்" என்று கிளார்க்கைத் திருத்தியது என் கட்சிக்காரர், அதாவது குற்றம் சாட்டப்பட்ட ஆத்தா. 214 வந்ததும் அரசு வழக்கறிஞர் மகஜரைப் பிடுங்கிப் படித்தார்.

அக்டோபர் 30

பசும்பொன்னில் குருபூஜை. போலீசார் பெரும்பாலும் பந்தோபஸ்தில். அந்த இரண்டு எங்கிருந்து வந்தன?

நவம்பர் 1

பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் போய் வந்தேன். ஆத்தா கடல்பாசி எடுத்துவிட்டு வந்து, விரல்களில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பாறை கிழித்த கோடுகள் உள்ளங்கை முழுவதும். கொட்டகையில் யாரோ மூட்டையை வைத்துவிட்டுப் போனார்கள், தன் வீட்டில் எதுவும் இல்லை என்று முதல் நாள் சொன்னதையே இன்றும் சொன்னார். நான் நம்புகிறேன். நீதிமன்றம் நம்ப வேண்டுமே. 1972 வனவிலங்குச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, பொருள் யாரிடம் இருந்ததோ அவரே நிரூபிக்கட்டும் என்கிறது. 2001-இல் கடல் அட்டையை அதன் முதல் அட்டவணையில், மிக அதிகப் பாதுகாப்புள்ள பட்டியலில், சேர்த்தார்கள். தண்டனை மூன்று ஆண்டுக்குக் குறையாது. ஆத்தாவுக்கு அறுபத்தைந்து வயது.

"அக்கரையில், இலங்கையில், இதற்கு லைசென்ஸ் கொடுக்கிறார்களாமே, தம்பி?" என்று கேட்டார். கொடுக்கிறார்கள், ஆத்தா. இருபது மைல் தள்ளிப் பிடித்தால் அது தொழில்.

நவம்பர் 3

வாடை தொடங்கிவிட்டது. மழை. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

நவம்பர் 5

நூல்! இத்தனை நாள் எண்ணிக்கையையே பிடித்துக்கொண்டிருந்தேன். சாக்கின் வாய் சணலால் கட்டி அரக்கு வைக்கப்பட்டது என்கிறது மகஜர். அரக்கு அப்படியே இருக்கிறது. ஆனால் சாக்கின் அடிமூலையில் ஒரு சாண் நீளத்துக்கு நீல நைலான் தையல். புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோணி ஊசிக்காரன் தையல் இல்லை அது. கண்ணிக்குக் கண்ணி முடிச்சு, ஒவ்வொன்றும் ஒரே அளவு. வலை பொத்துகிற கை.

நவம்பர் 6

மண்டபம் கடல் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானியின் சாட்சியம். கடல் அட்டையின் தோலில் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துணுக்குகள் இருக்குமாம்; பிளீச்சில் கரைத்து நுண்ணோக்கியில் வைத்தால் எந்த இனம் என்பதுகூடத் தெரிந்துவிடும். 214-ஐயும் சோதிக்கக் கேட்டு மனுப் போட்டிருந்தேன். அரசு வழக்கறிஞர் கடுமையாக எதிர்த்தும் அனுமதி கிடைத்தது. இப்போது பதில் வந்துவிட்டது: 212-இல் துணுக்குகள் உண்டு. இரண்டில் இல்லை. அவை சங்குச் சதை. காயவைத்த சங்குச் சதை!

நீதிபதி இரண்டு முறை வாசித்தார். சங்குச் சதை குழம்புக்கு ஆகும், குற்றத்துக்கு ஆகாது.

நவம்பர் 7

யாருடைய குழம்பு?

நவம்பர் 9

கண்டுபிடித்துவிட்டேன். பறிமுதல் செய்த அலுவலகத்தின் இரவுக் காவலர். நான் எந்தத் தந்திரமும் செய்யவில்லை. வாசலில் மடியில் வலையைப் போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் நீல நூல்கண்டு. அண்ணே, சாக்கைத் தைத்தது நீங்களா என்று கேட்டேன். ஆமாம் தம்பி, எலி கடித்துவிட்டது, தரையில் கொட்டிக் கிடந்ததை எல்லாம் பெருக்கி உள்ளே போட்டுத் தைத்தேன் என்றார். அதே அலமாரியில்தான் அவருடைய சாப்பாட்டுப் பையும் இருந்ததாம். மறுநாள் சங்குச் சதையில் இரண்டு குறைகிறதே என்று வீட்டில் சண்டையாம்.

அரசுப் பொருள் ஒன்றுகூட வீணாகக் கூடாது என்று நினைத்த மனிதர் அவர். அந்த அலுவலகத்தில் வேறு யாரும் மூட்டையைத் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. முத்திரை வைத்த பொருளில் வெளியார் பொருள் கலந்திருக்கிறது. இனி அந்த மூட்டையை நம்பி ஒருவரை ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. வழக்கு உடையும்.

அவருடைய வேலையும் உடையும்.

நவம்பர் 10

ஆத்தாவிடம் சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளை பேரைச் சொல்லாமல் நடத்த முடியாதா?" என்று கேட்டார். மூன்று வருடம், ஆத்தா என்றேன். தெரியும் என்றார். கோபம் வந்தது எனக்கு, இந்த அம்மாளின் மேல் அல்ல.

நவம்பர் 12

பேர் வேண்டாம் என்றால் விஞ்ஞானியின் அறிக்கையும் நூலும் மட்டும்தான் கையில். கலப்பு நடந்ததை அவை காட்டும். எப்படி என்று நீதிபதி கேட்டால்? பொறுப்பு அதிகாரியைக் குறுக்கு விசாரணையில் நிறுத்தி, சாக்கை யார் யார் தொட்டார்கள் என்பதற்குப் பதிவேடு எங்கே என்று கேட்கலாம். பதிவேடு இல்லை என்றால் அது அவர் தலையில் விழட்டும், காவலர் தலையில் அல்ல.

நவம்பர் 13

வழக்கு, 2024 ஜூலையில் புதிய நடைமுறைச் சட்டம் வருவதற்கு முந்தையது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 311-ஆவது பிரிவில் அதிகாரியை மறுபடி அழைக்க மனு தயார். காவலரை அழைக்கும் மனுவையும் எழுதி, கையெழுத்துப் போடாமல் வழக்குக் கட்டுக்குள் வைத்திருக்கிறேன். காலை 10.30-க்கு நீதிமன்றம்.