ஒரு கப்பலைப் பிடித்துக்கொண்டு படித்த பாடம்

எம்.ஏ. வரலாற்றில் அமெரிக்க வரலாறு தாள் எழுதப் போகிறவர்களுக்கு இது. பிரான்ஸ்–பிரிட்டன் போரில் முதல் அமெரிக்க அதிபர் வாஷிங்டன் எடுத்த நடுநிலைமைக் கொள்கை பற்றி மாதிரித் தேர்வில் கேட்டிருந்தார்கள். நான்கு பக்கம் எழுதினேன், முழுக்க ஆண்டு வரிசை. 15க்கு 5. ஓரத்தில் சிவப்பு மையில், “நடுநிலை என்று அறிவித்தாயிற்று. அப்புறம் என்ன கஷ்டம்?” என்று எழுதியிருந்தது.

கஷ்டமே அறிவித்த பிறகுதான். அதற்குக் காரணம் ‘தனியார் போர்க்கப்பல்’ (privateer). அதை நான் கடற்கொள்ளை என்றே எழுதி வைத்திருந்தேன். அது தப்பு. இதற்கு அரசு உரிமக் கடிதம் உண்டு. முதலாளி தன் காசில் பீரங்கி ஏற்றி எதிரியின் சரக்குக் கப்பலைப் பிடிப்பார். பிடித்தது செல்லும் என்று நீதிமன்றம் சொன்னால் விற்றுப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

1793 பிப்ரவரியில் பிரான்ஸ் பிரிட்டன் மீது போர் அறிவித்தது. அமெரிக்காவுக்குப் பிரான்சுடன் 1778இல் செய்த நட்பு ஒப்பந்தம் இருக்கிறது. கடற்படை கிடையாது, கடைசிக் கப்பலையும் 1785இல் விற்றாகிவிட்டது. ஏப்ரல் 8 அன்று பிரெஞ்சுத் தூதர் ஜெனே சார்ல்ஸ்டனில் இறங்கினார். வாஷிங்டனைப் பார்க்கும் முன்பே அங்கேயே தனியார் போர்க்கப்பல்களுக்கு உரிமம் வழங்க ஆரம்பித்துவிட்டார். யார் பக்கமும் சேர மாட்டோம் என்று ஏப்ரல் 22 அன்று வாஷிங்டன் வெளியிட்ட பிரகடனத்தில் ‘நடுநிலைமை’ என்ற சொல்லே இல்லை. இதைக் கட்டாயம் எழுதுங்கள்.

ஒப்பந்தத்தில் ஓர் ஓட்டை இருந்தது. பிரான்சின் எதிரிகள் அமெரிக்கத் துறைமுகத்தில் தனியார் போர்க்கப்பலைத் தயார் செய்யக் கூடாது என்று அதில் இருக்கிறது. அப்படியானால் நாங்கள் செய்யலாம் என்றுதானே அர்த்தம் என்றார் ஜெனே. வெளியுறவு அமைச்சர் ஜெபர்சன் பிரான்சின் பக்கம் சாய்ந்தவர்தான், ஆனாலும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பாடம் புரிந்தது இந்த இடத்தில்தான்.

அப்புறம் ‘லிட்டில் சாரா’. பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்ட இந்த பிரிட்டிஷ் கப்பலுக்கு அன்றைய தலைநகர் பிலடெல்பியாவிலேயே, அரசின் மூக்குக்குக் கீழே, பீரங்கி ஏற்றிப் பெயரையும் மாற்றினார்கள். ஜூலையில் வாஷிங்டன் ஊரில் இல்லை. ஆற்றில் பீரங்கி வைத்துத் தடுக்கலாம் என்றார்கள் நிதி அமைச்சர் ஹாமில்டனும் போர் அமைச்சர் நாக்ஸும். சுட்டால் போர் மூளும் என்று ஜெபர்சன் மறுத்தார். கப்பல் கிளம்பிப் போய்விட்டது. விடையில் நான் ஒரு பக்கம் முழுதாகக் கொடுப்பது இதற்குத்தான்.

நடுநிலையில் எது செய்யலாம், எது கூடாது என்று அரசு உச்ச நீதிமன்றத்திடம் 29 கேள்விகள் அனுப்பியது; ஆலோசனை சொல்வது தன் வேலையல்ல என்று அது மறுத்தது. பிரெஞ்சுக் கப்பலில் சேர்ந்த ஹென்ஃபீல்டு என்ற அமெரிக்க மாலுமியை ஜூரி விடுவித்தது. தெளிவான சட்டம் இல்லை. 1794 ஜூன் 5 நடுநிலைமைச் சட்டம் ஏன் வந்தது என்பதற்கு இந்த இரண்டு வரி போதும்.

பதவி போன ஜெனே ஊர் திரும்பாமல் நியூயார்க் ஆளுநரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார். சுவையான கதை. பரீட்சையில் அதற்கு அரைப் பக்கம் செலவழித்துவிட்டு, கடைசிக் கேள்வியைப் பாதியில் விட்டு வந்தேன்.